தோல் வாளிகளும் நான்கு நிமிடங்களும்

நள்ளிரவில் "தீ! தீ!" என்ற கூக்குரல் கேட்டு விழித்துக்கொள்கிறீர்கள். நான்கு வீடு தள்ளி ஒரு வீட்டின் சன்னல் செந்நிறமாகத் தெரிகிறது. என்ன செய்வீர்கள்? தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்வேன் என்பீர்கள். சரி. ஆனால் தொலைபேசியே இல்லை; தீயணைப்பு நிலையம் என்ற ஒன்றும் ஊரில் இல்லை; தெருவில் குழாய்த் தண்ணீரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பவை ஒரு கிணறும், அக்கம்பக்கத்து மனிதர்களும் மட்டுமே. அப்போது என்ன செய்வீர்கள்?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மக்கள் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தக் கேள்வியைத்தான் எதிர்நோக்கினார்கள். அவர்கள் கண்ட விடை, ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்ட தீயணைப்புப் படை. அந்தப் படையின் கதையில் வரலாறும் இருக்கிறது. நாம் வகுப்பில் படிக்கும் பௌதிகமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

மின்னலுக்கு முன்னே

பெஞ்சமின் பிராங்ளினை நீங்கள் அறிவீர்கள். இடிமழையில் பட்டம் விட்டு, மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டியவர், இடிதாங்கியைத் தந்தவர். அந்தப் பட்டச் சோதனை நடந்தது 1752-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அச்சுக்கூடம் வைத்துச் செய்தித்தாள் நடத்திவந்த இளைஞராக இருந்தபோதே, அவர் கவனம் தீயின் பக்கம் திரும்பியிருந்தது.

1730-இல் பிலடெல்பியாவின் துறைமுகக் கரையில் மூண்ட பெருந்தீ பண்டகசாலைகளையும் வீடுகளையும் அழித்தது. 1735 பிப்ரவரியில் பிராங்ளின் தம் செய்தித்தாளில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதுவதுபோல் ஒரு கடிதம் வெளியிட்டார். தணலை முறத்தில் அள்ளி ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் திறந்தபடி எடுத்துச் செல்லாதீர்கள் என்றார். புகைபோக்கிகளைத் துப்புரவு செய்பவர்கள் உரிமம் பெற்றவர்களாக இருக்கவேண்டும் என்றார். பாஸ்டன் நகரில் தீயை அணைக்க மக்கள் சங்கம் அமைத்திருப்பதை எடுத்துக்காட்டினார். வருமுன் காப்பதே மேல் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

கடிதம் எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1736 டிசம்பர் 7-ஆம் நாள் நண்பர்களைக் கூட்டி 'யூனியன் தீயணைப்புக் கம்பெனி'யைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பது. கம்பெனி என்றதும் இலாபம் ஈட்டும் வணிக நிறுவனம் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே அச்சொல்லுக்குக் குழு என்பதே பொருள்.

சுருக்குப் பையும் தோல் வாளியும்

இந்தக் குழுவின் உறுப்பினர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் விதிகளைக் கவனியுங்கள்.

ஒவ்வோர் உறுப்பினரும் தம் சொந்தச் செலவில் இரண்டு தோல் வாளிகளும், கெட்டித் துணியில் தைத்த நான்கு சுருக்குப் பைகளும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். வாளி நீர் கொண்டுவர. பை, எரியும் வீட்டிலிருந்து சாமான்களை அள்ளி வெளியேற்ற. தீ என்ற குரல் கேட்டதும் அவற்றுடன் ஓடிவர வேண்டும். இரவாயின், தீக்கு அருகிலுள்ள உறுப்பினர்களின் வீடுகளில் விளக்குகள் ஏற்றிவைக்க வேண்டும். இருட்டில் குழப்பம் நேராமல் இருப்பதற்காக. வெளியே எடுத்த பொருள்களைத் திருடர் கொண்டுபோகாமல் வாசலில் ஒருவர் இருவர் காவல் நிற்க வேண்டும். விதியை மீறினால் அபராதம்.

இன்னொரு விதி நெஞ்சைத் தொடுவது. உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால், அவருடைய வாளிகளையும் பைகளையும் அவர் மனைவி வைத்துக் காத்துவந்தால் போதும். கணவர் உயிரோடிருந்தால் எந்த உதவி கிடைத்திருக்குமோ, அதே உதவி அந்த அம்மையாருக்கும் கிடைக்கும்.

மாதந்தோறும் ஒரு மாலை வேளையில் உறுப்பினர்கள் கூடினார்கள். சேர்ந்து உண்டார்கள், தீயைப் பற்றித் தாம் கண்டதையும் எண்ணியதையும் பேசினார்கள். கூட்டத்துக்கு வராதவர்கள் கட்டிய அபராதப் பணம் எந்திரங்களும் ஏணிகளும் துறட்டிகளும் வாங்கப் பயன்பட்டது. இந்த மாதக் கூட்டத்தை நினைவில் வைத்திருங்கள்; கட்டுரையின் முடிவில் மீண்டும் அதனிடம் வருவோம்.

குழுவின் அளவு முப்பது பேரோடு நிறுத்தப்பட்டது என்று பிராங்ளின் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறுகிறார். மேலும் பலர் சேர விரும்பினார்கள். "நீங்கள் வேறொரு குழுவைத் தொடங்குங்கள்" என்பதே அவர்களுக்குக் கிடைத்த மறுமொழி. இப்படியே குழுக்கள் பெருகின. ஏன் ஒரே பெரிய குழுவாக வளர்க்கவில்லை? அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்தாம் விரைந்து வர முடியும். ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தாம் இருட்டிலும் சேர்ந்து வேலை செய்ய முடியும். இது எவ்வளவு பெரிய உண்மை என்பதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தீயின் கணக்கு

எரிவதற்கு ஒரு பொருள், காற்றிலுள்ள ஆக்சிஜன், போதுமான வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தீ. மூன்றில் ஒன்றை நீக்கினால் தீ அணையும். நீர் நீக்குவது முக்கியமாக வெப்பத்தை.

வகுப்பில் நான் செய்துகாட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. காகிதக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, அடியில் மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டினால், நீர் சூடேறுமே தவிரக் காகிதம் பற்றாது. காகிதம் பற்ற 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். நீர் இருக்கும்வரை கிண்ணத்தின் அடிப்பகுதி 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. வருகிற வெப்பத்தையெல்லாம் நீர் வாங்கிக்கொள்கிறது.

எவ்வளவு வாங்கிக்கொள்ளும்? 20 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீர் கொதிநிலையை அடைய ஏறத்தாழ 335 கிலோஜூல் வேண்டும். பிறகு முழுவதும் ஆவியாக 2257 கிலோஜூல் வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ 2600 கிலோஜூல். நீரின் வலிமை அது குளிர்ந்திருப்பதில் இல்லை. அது ஆவியாவதில்தான் இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

தீயின் வலிமையை எப்படி அளப்பது? அது ஒரு விநாடியில் வெளியிடும் வெப்பத்தைக் கொண்டு அளக்கலாம். வீட்டில் துணி தேய்க்கும் மின்சாரப் பெட்டி சுமார் 1 கிலோவாட். அறைக்குள் பற்றும் தீ, தொடக்க நிலையில், காலத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்று தீப் பாதுகாப்புப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதாவது நேரம் இரு மடங்கானால் தீ நான்கு மடங்காகும். நடுத்தர வேகமுள்ள தீயென அவர்கள் கொள்வது 5 நிமிடத்தில் 1000 கிலோவாட்டை எட்டுகிறது. அப்படியானால் முதல் நிமிட முடிவில் 40 கிலோவாட். இரண்டாம் நிமிடத்தில் 160. நான்காம் நிமிடத்தில் 640. எட்டாம் நிமிடத்தில் 2560! சில வேளைகளில் மேற்கூரையின் கீழ்த் திரண்ட புகை 600 டிகிரியை நெருங்கும். அப்போது அறையிலுள்ள எல்லாப் பொருள்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த அறையில் எவரும் உயிர் பிழைப்பது அரிது.

வாளி வரிசையின் கணக்கு

இனிப் பிலடெல்பியாவின் வாளிகளுக்கு வருவோம். எரியும் வீட்டிலிருந்து கிணறு 30 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்போம். ஒன்றரை மீட்டருக்கு ஒருவராக 20 பேர் வரிசையாக நின்று நிறைந்த வாளிகளைக் கைமாற்றுகிறார்கள். எதிரே இன்னொரு வரிசையில் 20 பேர் வெறும் வாளிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆளுக்கொரு வாளி என்றால் 40 வாளிகள் வேண்டும். முப்பது உறுப்பினர்களிடம் ஆளுக்கு இரண்டாக 60 வாளிகள் இருந்தன அல்லவா? போதும். ஆள்களோ, கூக்குரல் கேட்டுக் கூடும் தெருவாரோடு சேர்ந்து 40 பேர் ஆகிவிடுவார்கள்.

ஏன் வரிசை? ஆளுக்கு ஆள் கிணற்றுக்கும் வீட்டுக்கும் ஓடினால் கிணற்றடியில் நெரிசல், வழியில் மோதல், பாதி நீர் தரையில். வரிசையில் நிற்பவர் நகர வேண்டியதில்லை. ஆகவே விரைவில் களைப்பதும் இல்லை.

மூன்று விநாடிக்கு ஒரு வாளி கைமாறினால் நிமிடத்துக்கு 20 வாளி. வாளிக்கு 8 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 160 லிட்டர். இவ்வளவும் ஆவியானால் ஏறத்தாழ 7000 கிலோவாட் வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஆனால் வாளியால் வீசிய நீரில் பெரும்பகுதி தீயின் மீது விழாமல் வீணாகும். பத்தில் ஒரு பங்கே பயன்பட்டது என்று வைத்தால், வாளி வரிசை வெல்லக்கூடிய தீ 700 கிலோவாட்.

இப்போது மேலே சொன்ன எண்களைத் திரும்பப் பாருங்கள். நான்காம் நிமிடத்தில் தீ 640 கிலோவாட்! அதாவது, தீ பிடித்து நான்கு நிமிடத்துக்குள் வரிசை நின்று நீர் விழத் தொடங்கினால் மனிதன் வெல்வான். எட்டு நிமிடம் கழித்து வந்தால், அதே நாற்பது பேரும் அதே வாளிகளும் தோற்றுப்போவார்கள். இது தோராயக் கணக்கே. நெருப்புக்கு நெருப்பு எண்கள் மாறும். ஆனால் கணக்கு சொல்லும் பாடம் மாறாது: தீயணைப்பில் முதல் கருவி நீர் அன்று, நேரம்.

அந்த நேரம் தவறிவிட்டால்? அதற்காகத்தான் துறட்டியும் சுருக்குப் பையும். துறட்டியால் பக்கத்துக் கூரையை இழுத்துத் தள்ளினால் தீக்கு இரை கிடைக்காது. பையால் சாமான்களை அகற்றினால் இழப்பு குறையும். எரியும் வீட்டைக் காக்க முடியாதபோது அடுத்த வீட்டையாவது காப்பது என்ற தெளிவு அந்த எளிய விதிகளில் இருந்தது. குழுக்கள் ஏற்பட்ட பின் பிலடெல்பியாவில் ஒரே தீயில் ஓரிரு வீடுகளுக்கு மேல் அழிந்ததே இல்லை என்று பிராங்ளின் பெருமையோடு எழுதியிருக்கிறார்.

காற்று செய்த உதவி

வாளியின் குறை, நீரை உயரத்துக்கும் தொலைவுக்கும் செலுத்த முடியாமை. இந்தக் குறையை நீக்கியது கைப்பம்பு எந்திரம். லண்டனைச் சேர்ந்த ரிச்சர்டு நியூஷம் என்பவர் 1721-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1731-இல் இவருடைய எந்திரங்கள் இரண்டு கப்பலில் நியூயார்க்குக்கு வந்திறங்கின.

பம்பின் பிஸ்டன் கீழே அழுந்தும்போது நீர் பாயும். மேலே எழும்போது நின்றுபோகும். விட்டுவிட்டுப் பாயும் நீர் தீக்கு அஞ்சாது. எனவே எந்திரத்தில் மூடிய காற்றறை ஒன்றை வைத்தார்கள். பம்பு தள்ளும் நீர் அறைக்குள் புகுந்து அங்குள்ள காற்றை அமுக்குகிறது. பிஸ்டன் ஓய்வெடுக்கும் கணத்தில் அமுங்கிய காற்று விரிந்து நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தாரை அறுபடுவதில்லை. பாயில் விதி நினைவிருக்கிறதா? காற்றின் கன அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் அதன் அழுத்தம் மூன்று வளிமண்டலம். வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டு. உராய்வு இழப்பு இல்லையென்றால் அது நீரை 20 மீட்டர் உயரத்துக்கு அனுப்பும்.

1801-இல் பிலடெல்பியா நகரம் நீராவி எந்திரத்தால் இறைத்த நீரைக் குழாய்கள் வழியே தெருக்களுக்குக் கொண்டுவந்தது. 1803-இல் நீளமான தோல் குழாயைக் கொண்டு இந்த நீரை நேரே தீயிடம் சேர்க்கும் தொண்டர் குழுவும் தோன்றியது. வாளி வரிசையின் காலம் முடியத் தொடங்கியது.

போட்டியும் பூசலும்

நல்ல கதைக்கும் ஒரு கரிய பக்கம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் தொண்டர் குழுக்கள் பெருகின. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கூடம், வண்ணம் தீட்டிய எந்திரம், தனிச் சீருடை. முதலில் வந்து சேர்வதே பெருமை என்றாயிற்று. விளைவு? தெருக்குழாயை யார் பிடிப்பது என்று இரு குழுக்கள் அடித்துக்கொண்டிருக்க, வீடு எரிந்துகொண்டிருந்ததும் உண்டு. அயலார்க்கு உதவத் தோன்றிய சங்கம் தன் பெயருக்காகச் சண்டையிடும் சங்கமாகிவிட்டால் அதை யார் பொறுப்பார்கள்?

இதே வேளையில் நீராவித் தீயணைப்பு எந்திரமும் வந்தது. ஒரு மனிதன் தொடர்ந்து உழைத்தால் அவன் தரும் திறன் 75 வாட் அளவே. 40 பேர் கைப்பம்பை அழுத்தினாலும் 3000 வாட். அதாவது நான்கு குதிரைத் திறன். அவர்களும் சில நிமிடங்களில் களைத்துப்போவார்கள். நீராவிக்கோ களைப்பு இல்லை. கூட்டம் தேவையில்லை, தேர்ந்த சிலர் போதும். 1853 ஏப்ரல் 1-ஆம் நாள் சின்சினாட்டி நகரம் ஊதியம் பெறும் தீயணைப்புப் படையை ஏற்படுத்தியது. நியூயார்க் 1865-இலும், பிராங்ளினின் பிலடெல்பியா 1871-இலும் அதே வழியில் சென்றன.

இன்றும் தொண்டர்களே

இத்தோடு தொண்டர் படையின் கதை முடிந்தது என்று எண்ணத் தோன்றும். முடியவில்லை. பெருநகரங்களில்தான் ஊதியப் படை வந்தது. அமெரிக்காவின் சிற்றூர்களில் இன்றும் தீயணைப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்களே. அந்நாட்டுத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் கணக்குப்படி 2020-இல் மொத்தத் தீயணைப்பு வீரர்கள் ஏறத்தாழ 10 லட்சத்து 41 ஆயிரம் பேர். அவர்களில் 6 லட்சத்து 77 ஆயிரம் பேர் தொண்டர்கள். நூற்றுக்கு 65 பேர்!

பகலில் இவர்கள் உழவர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள். இடுப்பில் செருகிய சிறு அழைப்புக் கருவி ஒலித்தால், உண்ணும் சோற்றை அப்படியே விட்டு ஓடுகிறார்கள். தீ மட்டுமன்று, சாலை விபத்து, வெள்ளம், நெஞ்சுவலி என்று எல்லா ஆபத்துக்கும் இவர்களே. சில நூறு வீடுகள் உள்ள ஊருக்கு ஊதியப் படை வைக்கப் பணம் போதாது. பெருநகரத்துப் படை வரும்வரை காத்திருக்க நேரம் போதாது. நாம் போட்ட நான்கு நிமிடக் கணக்கு இன்றும் அங்கே ஆட்சி செய்கிறது.

ஆனால் தொண்டர்களின் எண்ணிக்கை குறைந்துவருகிறது. 1984-இல் அவர்கள் ஏறத்தாழ 8 லட்சத்து 98 ஆயிரம் பேர் இருந்தார்கள். வேலைக்காகத் தொலைவிலுள்ள நகரங்களுக்குப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பயிற்சிக்கு ஒதுக்கவேண்டிய நேரமும் கூடிவிட்டது.

துணிவு மட்டும் போதுமா?

பயிற்சிக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்கலாம். டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. 3000 பேருக்கும் குறைவானவர்களே வாழும் ஊர். 2013 ஏப்ரல் 17-ஆம் நாள் மாலை அங்கிருந்த உரக்கிடங்கில் தீப்பிடித்தது. ஊர்த் தொண்டர்கள் வழக்கம்போல் ஓடிவந்தார்கள். தகவல் வந்து இருபது நிமிடம் சென்றிருக்கும். மரத்தொட்டிகளில் குவித்திருந்த அமோனியம் நைட்ரேட் உரம் வெடித்தது. 15 பேர் மாண்டார்கள். அவர்களில் 12 பேர் தீயணைக்கவும் உதவி செய்யவும் ஓடிவந்தவர்கள். 260-க்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள்.

சாதாரண வெப்பநிலையில் அமோனியம் நைட்ரேட் வயலுக்கு இடும் உரம்தான். பெருந்தீயில் சூடேறி, மாசும் கலந்துவிட்டால் அது வெடிமருந்து. அத்தகைய தீயை அணைக்க முயலாமல், விலகிச் சென்று, ஊராரையும் விலக்குவதே முறை. அந்த ஆபத்தைப் பற்றி அங்குப் போனவர்களுக்குப் போதிய அறிவும் பயிற்சியும் தரப்படவில்லை என்று அமெரிக்க அரசின் வேதியியல் விபத்து ஆய்வு வாரியம் பின்னர் தெரிவித்தது. அவர்களிடம் துணிவு இருந்தது, விரைவும் இருந்தது. தெரியவேண்டிய ஒரு செய்திதான் அவர்களை எட்டவில்லை.

வீட்டு அளவிலும் இதே பாடம் உண்டு. கொதிக்கும் எண்ணெயில் பற்றிய தீயின் மேல் நீரை ஊற்றாதீர்கள். எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் இறங்கி, சட்டென்று ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1700 லிட்டர் ஆவியாக விரியும். அந்த விரிவு எரியும் எண்ணெயை அறையெங்கும் வாரி இறைத்துவிடும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் பாத்திரத்தை மூடுங்கள்; காற்று இல்லாமல் தீ தானே அணையும். மின்சாரத் தீயானால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். நீர் உயிர் காக்கும் கருவிதான். எங்கே என்று அறியாமல் பயன்படுத்தினால் அதுவே உயிரைக் குடிக்கும்.

இப்போது அந்த மாதக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பிலடெல்பியாவின் முப்பது பேர் வாளிகளை மட்டும் வாங்கி மாட்டிவைத்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மாதம் தவறாமல் கூடி, தீயைப் பற்றிப் பேசினார்கள். வராதவரிடம் அபராதம் வாங்கினார்கள். தோல் வாளி பொருட்காட்சிச்சாலைக்குப் போய்விட்டது. அந்த மாலை நேரப் பேச்சுக்கு மட்டும் இன்னும் மாற்று வரவில்லை.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள தீயணைப்பு நிலையம் எங்கே இருக்கிறது, அங்கிருந்து வண்டி வர எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டறியுங்கள். பிறகு, வண்டி வந்து சேரும்வரை உங்கள் தெருவில் யார் யார் என்ன செய்வது என்று அண்டை வீட்டாரோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். பிராங்ளினும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது அவ்வளவில்தான்.